பட்டியலில் கடைசி வீடு

இன்ஜே, கங்வோன் மாகாணம்
12 டிசம்பர் 2011

சுல்கி,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. இரண்டிலும் சேர்த்து ஒரு எண்கூட இல்லை. 'நீ செய்த கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது' என்று எழுதியிருக்கிறாய். நன்றாக என்றால் எவ்வளவு நன்றாக? குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள் நீ. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன்.

இங்கே இருப்பது ஒரே ஒரு பொதுத் தொலைபேசி. எப்போதும் முன்னால் இருபது பேர் நிற்பார்கள். என் முறை வந்தால் மூன்று நிமிடம். அதற்குள் பின்னால் நிற்கிற மூத்தவன் தொண்டையைச் செரும ஆரம்பித்துவிடுவான். கட்டாயப் பட்டாளச் சேவைக்குப் புதிதாக வந்தவனுக்குத் தொண்டைச் செருமலும் ஓர் ஆணைதான். ஆகவே எழுதித்தான் ஆகவேண்டும். ஒழுங்காக எழுது.

எனக்கு வேண்டியது அதிகமில்லை. மூன்றாவது திரையைத் திறந்து வீடுவாரி வெப்பப் பட்டியலை அச்செடுத்து அனுப்பு. அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளும் வேண்டாம். ஒவ்வொரு கட்டடத்திலும் முதல் இரண்டு, கடைசி ஒன்று போதும். லிஃப்டுக்குள் இருக்கும் திரைகளில் அதே பட்டியல் ஓடுகிறதா என்றும் பார். 103-ஆம் கட்டடத்துத் திரைக்கு அடிக்கடி உறைந்துபோகும் வழக்கம் உண்டு. அணைத்துவிட்டுப் பத்து எண்ணி மறுபடி போடு. தட்டாதே. காவலாளி தட்டுவார், அவரையும் விடாதே.

பிப்ரவரி 18 அன்று குடியிருப்போர் கூட்டம். இந்தக் குளிர்காலத்துச் சோதனை ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, என் அமைப்பை வைத்துக்கொள்வதா பிடுங்கி எறிவதா என்று அன்று முடிவு செய்வார்கள். இரண்டு வருட வேலை அது. தரைக்கடியில் ஓடும் வெந்நீரில் யார் எவ்வளவு சூடு செலவழிக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தால் மனிதன் தானாகவே குறைப்பான், அவ்வளவுதான் அதன் தத்துவம். நீ பார்த்துக்கொள்.

இன்னொன்று. மார்ச் தொடக்கத்தில் எனக்கு முதல் விடுப்பு, ஐந்து நாள். அதில் ஒரு நாள் உன் அம்மாவைப் பார்த்து வணங்க வருகிறேன். எட்டு மாதமாக உன் குடியிருப்பின் வெளிவாசலோடு நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். 'அக்கம்பக்கம் பார்க்கும், இங்கேயே நில்' என்பாய். அங்கே உள்ள அத்தனை வீட்டு மீட்டரையும் நடைவழியில் நின்று பொருத்தியவன் நான். நான் காதலிக்கிற பெண்ணின் வீட்டு எண் மட்டும் எனக்குத் தெரியாது. இது எந்த ஊர் நியாயம்?

தேஹூன்

*

வெண்கொக்குக் குடியிருப்பு அலுவலகம், குரி
21 டிசம்பர் 2011

தேஹூன்,

எண்தானே வேண்டும்? இந்தா. 103-ஆம் கட்டடம்: முதல் இடம் 804, இரண்டாம் இடம் 604, கடைசி 704. மற்ற கட்டடங்களின் தாளைப் பின்னால் ஊசி குத்தி வைத்திருக்கிறேன். ஊசியைக் கழற்றும்போது விரலைக் குத்திக்கொள்ளாதே, உனக்குப் பொறுமை கிடையாது.

உன் அமைப்புக்கு நீ நீளமாக ஒரு பெயர் வைத்தாய். இங்கே யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லோரும் 'மார்க் பலகை' என்கிறார்கள். லிஃப்டில் ஏறினால் முன்பெல்லாம் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்வார்கள். இப்போது திரையில் தங்கள் வீட்டைத் தேடுகிறார்கள், பிறகு உடன் வருகிறவரின் வீட்டை. இரண்டையும் பார்த்துவிட்டு ஐந்து மாடிக்கு யாரும் பேசுவதில்லை.

மேலாளர் நம்குங், குறைவாகச் செலவழித்த வீட்டுக்கான முதல் பரிசை என் கையில் கொடுத்து அனுப்பினார். முப்பது ரோல் டிஷ்யூ. தூக்கிக்கொண்டு 804-க்குப் போனேன். அந்த வீட்டுக்காரர், உன்சோவின் அம்மா, கதவைத் திறந்தார். அன்று வெளியே மைனஸ் ஒன்பது. அவர் அரைக்கைச் சட்டையில் இருந்தார், காலில் காலுறைகூட இல்லை.

"எப்படிக்கா இவ்ளோ கம்மியா வருது?" என்று கேட்டேன்.

"நாங்க தரைக்கு வெந்நீர் விடற வால்வைத் திறக்கறதே இல்லம்மா. பழகிட்டோம். மனசு வெச்சா எல்லாம் முடியும்" என்றார். பிறகு டிஷ்யூ மூட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, "ரெண்டு அடுக்கா, மூணு அடுக்கா?" என்றார்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். மார்ச் வரட்டும், பார்க்கலாம். இப்போது அவளுக்கு மனம் சரியில்லை. கடையிலும் வேலை அதிகம். எந்தக் கடை என்கிறாயா? குடியிருப்பின் கடைவரிசையில் கடைசியில் இருக்கும் தொடுகறிக் கடைதான். நீ இங்கே வேலை செய்த மூன்று மாதமும் பகல் சாப்பாட்டுக்கு வாங்கித் தின்றாயே இனிப்பும் காரமுமாக நெத்திலி வறுவல், அது அவள் கை. "அந்த மீட்டர்காரப் பையன் நன்றி சொல்லாம வாங்கிட்டுப் போவான், ஆனா டப்பாவைக் கழுவித் திருப்பித் தருவான்" என்று உன்னைப் பற்றி ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அது நீதான் என்று நான் சொல்லவில்லை.

நீ வாங்கித் தந்த கையுறையைப் போட்டுக்கொண்டுதான் தட்டச்சு செய்கிறேன். அதனால்தான் மற்ற கட்டடங்களின் தாளில் பிழைகள்.

சுல்கி

*

இன்ஜே
29 டிசம்பர் 2011

சுல்கி,

நெத்திலி விஷயத்தை மூன்று முறை படித்தேன். மற்றவர்களுக்கு ஒரு கரண்டி போட்டால் எனக்கு ஒன்றரை விழும். அளவில் பிழை என்று அப்போது நினைத்தேன். நன்றி சொல்லாதது தப்பு. மார்ச்சில் சொல்கிறேன்.

இப்போது 704. யார் அந்த மனிதர்கள்? நீ அனுப்பிய தாளைக் காவல் கூண்டில் வைத்துப் பார்த்தேன். 804 பூஜ்யம். 604 கட்டட சராசரியில் பத்தில் ஒரு பங்கு. இரண்டுக்கும் நடுவில் 704 மட்டும் சராசரியைப் போல் இரண்டரை மடங்கு. ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு, தரைக்கடியில் வெந்நீரை முழுவேகத்தில் ஓடவிட்டுத் தூங்குகிறார்களா? வீட்டில் வாழைமரம் வளர்க்கிறார்களா? இப்படி ஒரு வீடு இருந்தால் முழுக் கட்டடத்தின் சராசரியும் கெடும். கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்பார்கள்.

அமைப்புப் பக்கத்தில் 'நிறம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கடைசி வீடு திரையில் சிவப்பாகத் தெரியும். கூட்டத் தலைவர் சோக்கிடம் சொல்லி அதைப் போடச் சொல். கொஞ்சம் வெட்கப்பட்டால்தான் அவர்கள் கை வால்வுக்குப் போகும்.

அம்மாவுக்கு ஏன் மனம் சரியில்லை? 'பார்க்கலாம்' என்றால் வரலாம் என்றா, வரவேண்டாம் என்றா? ஒன்று சொல்.

இங்கே பனி வாரிக் கொட்டுகிறோம். வாரிய இடத்தில் மறுபடி விழுகிறது. இதற்கு ஒரு பொத்தான் கிடையாது.

தேஹூன்

*

குரி
9 ஜனவரி 2012

தேஹூன்,

உன் கடிதம் அலுவலக முகவரிக்குத்தானே வருகிறது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மேலாளர், "நம்ம இன்ஜினியர் என்ன சொல்றான்?" என்று கை நீட்டிவிட்டார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. நெத்திலிப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு சிவப்புப் பக்கத்தை மட்டும் கொடுத்தேன்.

தலைவர் சோக்குக்கு உன் யோசனை மிகவும் பிடித்துவிட்டது. அன்றே சிவப்பு வந்துவிட்டது. அது போதாதென்று மறுநாள் காலை ஏழரை மணிக்கு எல்லா வீட்டுக் கூரையிலும் இருக்கும் ஒலிபெருக்கியில் அவரே பேசினார். "குடியிருப்போர் கவனத்துக்கு. நூத்தி மூணாம் கட்டடம், எழுநூத்தி நாலாம் வீட்டுக்காரங்க தயவுசெஞ்சு கொஞ்சம் சிக்கனமா இருக்கணும். எல்லாரும் சேர்ந்து சேமிக்கிறத ஒரு வீடு கரைக்கக் கூடாது." இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை நிறுத்தி நிதானமாக.

அந்த ஒலிபெருக்கிக்கு நேர் கீழே ஒரு அம்மா சோற்றுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பஞ்சு வைத்த மேல்சட்டையும், அதற்கு மேல் செத்துப்போன கணவனின் மீன்பிடிக் கோட்டும் போட்டிருந்தாள். வால்வு முழுக்கத் திறந்திருந்தது. சுவரில் மாட்டிய வெப்பமானி பத்தொன்பது காட்டியது. இந்தக் குளிர்காலம் முழுக்க அது பத்தொன்பதைத் தாண்டவில்லை. அவள் வீட்டில் வாழைமரம் இல்லை.

704 என் வீடு, தேஹூன்.

கடைக்கு வருகிற பெண்கள் கறியை எடுத்துக்கொண்டே, "உங்க வீட்ல கோடைகாலமாமே?" என்று சிரிக்கிறார்கள். அம்மா சில்லறையை எண்ணித் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நேற்று உல்சானில் இருக்கும் என் அண்ணனுக்குத் தொலைபேசி செய்துவிட்டாள். அங்கே ஒரு அறை காலியாக இருக்கிறது. மார்ச் முடிவதற்குள் இந்த வீட்டை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் போய்விடுவது என்று முடிவாகிவிட்டது. பன்னிரண்டு வருடம் நடத்திய கடையையும் மூடப்போகிறாள்.

எனக்கு ஒரு பட்டாளத்துச் சிநேகிதன் இருப்பது அவளுக்குத் தெரியும். அவன் யாரென்று தெரியாது. நேற்று அவள் சொன்னது இது: "இந்தப் பலகையைச் செஞ்சவன் மூஞ்சிய ஒரே ஒரு தடவ பாக்கணும்."

நீ மார்ச்சில் வணங்க வருகிறேன் என்கிறாய்.

சுல்கி

*

இன்ஜே
16 ஜனவரி 2012

சுல்கி,

முதலிலேயே ஏன் சொல்லவில்லை? டிசம்பரில் '704, கடைசி' என்று எழுதியபோதே 'அது என் வீடு' என்று மூன்று சொல் சேர்த்திருந்தால் நான் வாழைமரத்தைப் பற்றி எழுதியிருப்பேனா?

வருத்தம் தெரிவித்து மூன்று முறை எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். எனக்கு அந்த மாதிரி எழுத வராது. தெரிந்ததை எழுதுகிறேன். எண் தப்பில்லை. அந்த மீட்டரை நானே பொருத்திச் சோதித்தேன். அவ்வளவு வெந்நீர் உங்கள் வீட்டுக்குள் போயிருக்கிறது, சூட்டைக் கொடுத்திருக்கிறது. ஆனாலும் பத்தொன்பதுதான் என்றால் ஜன்னல் சட்டத்தில் இடைவெளி இருக்கவேண்டும். இல்லையென்றால் சுவர் வெப்பமானி தப்பு. என்னை நம்பாவிட்டால் நான்கு நாள் வால்வை மூடிப் பார். பட்டியலில் 704 மேலே ஏறும், அம்மாவுக்கும் நிம்மதி.

இதைப் படிக்கும்போது உனக்குக் கோபம் வரும் என்று தெரிகிறது. ஆனால் தெரியாததை எப்படி எழுதுவது?

உல்சான் போகாதே.

தேஹூன்

*

இன்ஜே
28 ஜனவரி 2012

சுல்கி,

பன்னிரண்டு நாளாகக் கடிதம் இல்லை. தொலைபேசியில் முறை வந்தது. அலுவலக எண்ணை அழுத்தினேன், மேலாளர் எடுத்தார், வைத்துவிட்டேன். அடுத்த முறை வர ஒரு வாரமாகும்.

சந்திரப் புத்தாண்டுக்கு அரிசி வில்லை சூப் போட்டார்கள். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக வந்தது. கூடத் தொட்டுக்கொள்ள நெத்திலி இல்லை.

அவ்வளவுதான். இது எண் இல்லாத கடிதம்.

தேஹூன்

*

இன்ஜே
3 பிப்ரவரி 2012

சுல்கி,

நீ பதில் எழுத வேண்டாம். இதைப் படித்தால் போதும்.

எனக்குக் காய்ச்சல் வந்தது. இரக்கப்படச் சொல்லவில்லை, இது தகவல். எங்கள் கூடத்தில் கட்டில் கிடையாது. நீளமான மரமேடையில் பத்துப் பேர் தோளோடு தோள் உரசிப் படுப்போம். புதியவன் என்பதால் என் இடம் கதவோரம். காய்ச்சல் முப்பத்தொன்பதைத் தாண்டியதும் என்னை நடுவில் போட்டார்கள். ஒரு பக்கம் கார்ப்பரல் பியோ, மறுபக்கம் யாங். பத்து மணிக்கு எண்ணெய் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவரவர் உடம்பும் அவரவர் கம்பளியும்தான். எனக்கு மூன்று கம்பளி கொடுத்தார்கள். அப்படியும் விடியும்வரை பல் தந்தியடித்தது.

காலையில் பார்த்தால் பியோ வெறும் பனியனோடு கிடக்கிறான். கம்பளியைக் காலால் எட்டி உதைத்திருக்கிறான். எழுந்து சோம்பல் முறித்துவிட்டுச் சொன்னான்: "டேய், வந்ததுலேர்ந்து நேத்துதாண்டா நல்லாத் தூங்கினேன். நாளைக்கும் காய்ச்சலோடயே இரு."

"ஆமா, அடுப்பங்கரையில படுத்த மாதிரி இருந்துச்சு" என்றான் யாங்.

பிறகு பியோ என் மேல் கிடந்த மூன்று கம்பளிகளைப் பார்த்தான். "ஒருத்தனுக்கு எதுக்குடா மூணு? எனக்கு ஒண்ணே அதிகம். பட்டாளத்துச் சொத்த இப்படியா வீணடிப்ப?"

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சலில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பான். அந்த வரிசையில் அதிகச் சூடு உண்டாக்கியவன் நான். அதிகக் கம்பளி வாங்கியவன் நான். குளிரில் நடுங்கியவனும் நான். எங்கள் கூடத்தில் என் பலகையை மாட்டியிருந்தால் பியோவுக்கு முப்பது ரோல் டிஷ்யூ கிடைத்திருக்கும். என் பெயர் சிவப்பில் ஓடியிருக்கும்.

உன் வீட்டுக் கூரைதான் 804-இன் தரை. 604-இன் கூரைதான் உன் வீட்டுத் தரை. நடுவில் இருப்பது ஒரு சாண் சிமெண்ட். 1991-இல் கட்டியவர்கள் அதற்குள் சூட்டைத் தடுக்கிற எதையும் வைக்கவில்லை. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் வால்வை மூடிவிட்டால் நடுவீடு மூன்று வீட்டையும் காய்ச்ச வேண்டும். அதனால்தான் அவர் அரைக்கைச் சட்டையில் நின்றார். அதனால்தான் உன் அம்மா மீன்பிடிக் கோட்டில். நீ டிசம்பரில் ஒன்றையும் ஜனவரியில் மற்றதையும் எழுதியிருந்தாய். நான் எண்ணை மட்டும் படித்தேன்.

பழைய தாளை எடுத்து 604, 704, 804 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தேன். கட்டட சராசரிக்குக் கொஞ்சம் கீழேதான் வருகிறது. அந்த மூன்று வீட்டில் யாரும் வீணடிக்கவில்லை. ஒருவர் கொடுக்கிறார், இருவர் தெரியாமல் வாங்குகிறார்கள். மீட்டர் தப்பில்லை. நான்தான் தப்பு. அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளையும் ஒன்றையொன்று தொடாத பெட்டிகள் என்று வைத்து எழுதிவிட்டேன். நான் தனி வீட்டில் வளர்ந்தவன். அடுக்குமாடியில் ஒரு குளிர்காலம்கூட இருந்ததில்லை.

செய்யவேண்டியது: வீடுவாரிப் பட்டியலை இன்றே நிறுத்து. நான்காவது திரையில் 'செங்குத்து வரிசை' என்று இருக்கும். அதைப் போட்டால் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும் பதினைந்து வீடுகளுக்கும் சேர்த்து ஒரே எண் வரும். எல்லா வீடும் வால்வைக் கொஞ்சமாவது திறந்தால்தான் அந்த எண் இறங்கும். ஒருவர் மூடி இன்னொருவர் தலையில் போட முடியாது. அதற்கு நிர்வாகக் கடவுச்சொல் கேட்கும். உன் பிறந்தநாள்தான். சிரிக்காதே. இதை மேலாளரிடம் காட்டு, கூட்டத்திலும் காட்டு, நான் தப்பு செய்தேன் என்று என் பெயரோடு சொல்.

உன் கை எப்போதும் ஜில்லென்று இருக்கும். உடம்புவாகு என்று நினைத்துக் கையுறை வாங்கித் தந்தேன். வீட்டுச் சூட்டை ஊருக்குக் கொடுத்துவிட்டு வந்த கை அது. வாசலில் நின்ற எட்டு மாதமும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், கையுறைக் கடைக்குப் போயிருக்கக் கூடாது. உல்சானில் உனக்கு யார் அதைச் செய்வார்கள்?

தேஹூன்

*

குரி
3 பிப்ரவரி 2012

தேஹூன்,

இன்னும் உன்மேல் கோபம்தான். ஆனால் இதை வேறு யாரிடமும் சொல்லிச் சிரிக்க முடியாது.

புத்தாண்டுக்கு உல்சான் போய்விட்டு வந்தோம். வந்ததும் உன் கடிதத்தைப் படித்தேன். அம்மாவிடம், "ஒருத்தன் நம்ம வால்வ நாலு நாள் மூடிப் பாக்கச் சொல்றான்" என்றேன்.

"நாலு நாள் என்ன, நாப்பது நாள் மூடறேன்" என்று எழுந்து போய் மூடிவிட்டாள். "முதலிடம் வந்து அந்த டிஷ்யூவ வாங்கிக் காட்டறேன்."

பகலில் அவள் கடையில், நான் அலுவலகத்தில். சாயங்காலம் துண்டை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் இருக்கும் வெந்நீர்க் குளியல் விடுதிக்குப் போய் அங்கேயே சூட்டுத் தரையில் படுத்துக்கொண்டோம். அவித்த முட்டையை என் தலையில் தட்டி உடைத்துத் தின்றாள். ஒரு மாதம் கழித்து அன்றுதான் அவள் சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலை அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு உன்சோவின் அம்மா வந்தார். மூன்று கோட்டு போட்டிருந்தார். அவருக்குக் கழுத்து இருப்பதே தெரியவில்லை.

"என்ன நடக்குது இங்க? தரை ஐஸ்கட்டியா இருக்கு. குழாய் வெடிச்சிருச்சா?"

மேலாளர் திரையைப் பார்த்தார். "உங்க வீட்டு வால்வு மூடியிருக்கேம்மா."

"அது எப்பவும் மூடித்தான் இருக்கும்."

"அப்புறம் எதும்மா வெடிக்கும்?"

அதற்குள் தொலைபேசி. 604-இன் தோக்கோ ஐயா, ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், வெறுங்காலோடு நடக்கிறேன் என்று பெருமை பேசுவாரே, அவர்தான். "கூரையிலேர்ந்து குளிர் இறங்குது, ஆளை அனுப்புங்க" என்றார். கூரையிலிருந்து.

மேலாளர் தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரில் இருந்த கட்டட வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். விரலை 804-இல் வைத்தார், 604-இல் வைத்தார், நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார். "சுல்கி, உங்க வீட்டு வால்வ எப்ப மூடினீங்க?"

"மூணு நாளாச்சு சார்."

"ஆக, போன மாசம் ஒலிபெருக்கியில நாம திட்டினது..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. எழுந்து போய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். நான்கு வருடத்தில் முதல் முறை.

எண் தப்பில்லை என்று எழுதியிருந்தாய். சரிதான். அது யார் வீட்டைச் சூடாக்கியது என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை. உனக்கும் தெரியவில்லை. இதை நீ தெரிந்துகொண்டு என்ன எழுதப்போகிறாய் என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன். அதை வைத்துத்தான் உன்னை அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

கூட்டத்துக்கு இன்னும் பதினைந்து நாள்.

சுல்கி

*

குரி
20 பிப்ரவரி 2012

தேஹூன்,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று பார்க்காமல் கடந்துவிட்டன. நான் இங்கிருந்து உன்சோவின் அம்மாவை அனுப்பிய அதே நாளில் நீ அங்கிருந்து கார்ப்பரல் பியோவை அனுப்பியிருக்கிறாய். உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். நான் கேட்காமலே எழுதிவிட்டாய். அதனால் பிழைத்தாய்.

கூட்டத்தைச் சொல்கிறேன். மேலாளர் உன் கடிதத்தின் சிமெண்ட் பக்கத்தை நகலெடுத்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். நாற்பது நகல் எடுத்தேன். அவசரத்தில் அந்தப் பக்கத்தின் அடியில் இருந்த கையுறை வரிகளை மறைக்க மறந்துவிட்டேன். கடவுச்சொல்லையும். இப்போது நாற்பது பேருக்கு என் பிறந்தநாள் எதற்குப் பயன்படுகிறது என்று தெரியும். மாற்றிவிட்டேன். புதியதை நேரில் சொல்கிறேன்.

தாள்கள் சலசலத்தன. தலைவர் சோக் மேல்பாதியைப் படித்து முகம் சிவந்தார், கீழ்ப்பாதியைப் படித்து இன்னும் சிவந்தார். அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. திரும்பி என் கையைப் பார்த்தாள். நான் கையுறையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.

பிறகு எழுந்து நின்றாள். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பன்னண்டு வருஷமா உங்களுக்குக் கறி போட்டுத் தர்றேன். யாருக்காவது ஒரு கரண்டி கொறைச்சிருக்கேனா? சூடும் கொடுத்திருக்கேன், எனக்கே தெரியாது. கொடுத்தது போகட்டும், திருப்பிக் கேக்கல. என் வீட்டு நம்பரக் கூரையிலேர்ந்து ரெண்டு தடவ சொன்னீங்க. அது தப்புன்னு அங்கேர்ந்தே ஒரு தடவ சொல்லுங்க. அது போதும்."

மறுநாள் காலை ஏழரைக்குத் தலைவர் சொன்னார். மூன்று முறை.

அமைப்பு இருக்கும், வீடுவாரிப் பட்டியல் போய்விட்டது. முப்பத்தொரு பேர் கை தூக்கினார்கள். இனி லிஃப்டில் செங்குத்து வரிசையின் எண் மட்டும் வரும். தோக்கோ ஐயா வால்வைத் திறந்துவிட்டுக் காலுறை போட்டுக்கொண்டார். உன்சோவின் அம்மா நேற்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் டிஷ்யூ மூட்டை.

"நாலு ரோல் தீந்துபோச்சு. இருபத்தாறு இருக்கு" என்று நீட்டினார்.

"எத்தன அடுக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"மூணு."

"அப்ப உள்ள வா."

நேற்று வீடு இருபத்திரண்டு டிகிரி. வால்வு பாதிதான் திறந்திருக்கிறது. மீன்பிடிக் கோட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். அண்ணனிடம் தொலைபேசியில், "இந்த வருஷம் வரல, கடைய யார் பாக்கறது?" என்றாள். நான் பக்கத்தில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டு கேட்டேன். விரலை நறுக்கிக்கொள்ளாதது ஆச்சரியம்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கேட்டாள். "பலகையச் செஞ்சவனும் டப்பா கழுவித் தர்றவனும் உன் பட்டாளத்துக்காரனும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "மூஞ்சியப் பாக்கணும்னு சொன்னேன்ல. வரச் சொல்லு. முடிஞ்சா காய்ச்சலோட வரச் சொல்லு, ஒரு நாள் வால்வ மூடிக்கலாம்."

சுல்கி

*

இன்ஜே
25 பிப்ரவரி 2012

சுல்கி,

விடுப்பு உறுதியாகிவிட்டது. மார்ச் 3, சனிக்கிழமை, பகல் ஒரு மணிக்குக் குரி வருகிறேன். வெளிவாசலில் நிற்கமாட்டேன். 103-ஆம் கட்டடம், ஏழாவது மாடி. காவலாளி கேட்டால் மீட்டர் பார்க்க வந்தேன் என்று சொல்லமாட்டேன்.

காய்ச்சல் போய்விட்டது, அம்மாவிடம் வருத்தத்தோடு சொல். பியோவுக்கும் வருத்தம்தான். என்னை மறுபடி கதவோரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நடுவில் இப்போது யாங். இரண்டு பக்கமும் உள்ளவர்கள் அவனிடமிருந்து கம்பளியை இழுக்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். போன வாரம் என் கம்பளிகளில் ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன்.

இரண்டு விஷயம். அன்று ஒரு நாள் மட்டும் வால்வை முழுக்கத் திறந்து வைக்கச் சொல். மேலே போவது மேலே போகட்டும், கீழே போவது கீழே போகட்டும். எண்ணை நான் பார்க்கமாட்டேன்.

அப்புறம், கதவைத் திறக்கும்போது கையுறை போட்டிருக்காதே.

தேஹூன்